லொறிக்கு வழி விட்டவர்

என்னோடு வேலை செய்த அந்தப் பெண் முன்னால் யாரும் ஒரு பேச்சுக்காக எதையும் சொல்லிவிட முடியாது. ஒருநாள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, "உங்கட வீட்டை ஒருக்கா நண்டுக்கறி சாப்பிட வரத்தான் வேணும்" என்று நான் சொல்லிவிட்டேன். "எப்ப?" என்று கேட்டார். "வாற வெள்ளி" என்று சொல்லிவிட்டு என் ஊரான அடம்பனுக்குப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முட்டைகூட அடுப்பேறாது. அந்த நினைவில்லாமல் சொன்னேன்.

வெள்ளி மத்தியானம் அவருடைய கணவர் எங்கள் வாசற் படலையில் வந்து நின்றார்.

"அண்ணை, வெளிக்கிடுங்கோ. ஆறு நண்டு உடைச்சு வைச்சிருக்கிறா. நீங்கள் வராட்டி எனக்கும் சாப்பாடு இல்லையாம்."

நான் போனேன். வங்காலையில், அவர் வீட்டு மேசையில், ஆறு நண்டில் நான்கு என் சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்தன. "நீங்கள் வெள்ளியில சைவம் எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. ஆனா சொன்னனீங்கள் எல்லோ?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. என் மனைவி அடுத்த வெள்ளி வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

பெயரை எழுத மாட்டேன். அந்தக் கரையில் படித்தவர்கள் யாரும் இதை எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன், அவ்வளவுதான். கடற்கரையோரம் இருந்த படகு யாட்டில் அவருக்கு வேலை. பைபர் படகு கட்டுகிற இடம். அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் தேய்த்துத் தேய்த்துப் படிய வைப்பது பெண்களின் வேலை. பதினான்கு பெண்கள் இருந்தார்கள். நான் அங்கே ஸ்ரோர் பொறுப்பாளன். ரெசின் பீப்பாய், பாய்ச் சுருள், தூரிகை, ஆணி எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது என் தொழில். எண்ணுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் சனத்தை எண்ணிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

அந்தக் காலத்தில் யாட் ஒரு தனி முதலாளியுடையது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வாயால் மட்டும் நல்லவர். கண்ணாடி நார் தோலில் குத்தி நாள் முழுக்கக் கடிக்கும். பெண்கள் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வேலை செய்தார்கள். "அடுத்த மாதம் எல்லாருக்கும் கையுறை" என்று முதலாளி டிசம்பர் நத்தார் விருந்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். கைதட்டிவிட்டு மறந்துபோனோம். இந்தப் பெண் மட்டும் மறக்கவில்லை. அடுத்த மாதம் பிறந்து வேலை தொடங்கிய அன்று காலையில், ரெசினில் இறுக்கும் மருந்தைக் கலந்து நான்கு வாளிகள் தயாராக நின்றபோது, எண்ணெய் பூசிய இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முதலாளியின் அறை வாசலில் போய் நின்றார்.

"ஐயா, கையுறை."

"நாளைக்குப் பாப்பம் பிள்ளை. இப்ப போய் வேலையைப் பாருங்கோ, மருந்து கலந்தாச்சு."

"அடுத்த மாதம் எண்டு சொன்னனீங்கள் எல்லோ? இது அடுத்த மாதம்."

மருந்து கலந்த ரெசின் யாருக்காகவும் காத்திராது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வாளிகள் சூடேறிப் புகைந்து, கடைசியில் கல்லாகின. அவர் அசையவில்லை. மற்றப் பெண்களும் உருளையைத் தொடவில்லை. ஸ்ரோர்க்காரனுக்கு நான்கு வாளி ரெசின் என்றால் வயிறு எரியும். நான் அவரைத் திட்டினேன். "என்னை ஏன் அண்ணை பேசுறியள்? நான் ஒண்டும் சொல்லேல்லையே, சொன்னவர் உள்ளுக்கை இருக்கிறார்" என்றார். பின்னேரம் மன்னார் டவுனில் இருந்து பதினான்கு சோடிக் கையுறைகள் வந்து சேர்ந்தன.

வீட்டிலும் இதே கதைதான். பிரதேச சபைத் தேர்தலில் தன் ஆள் தோற்றால் மீசையை வழிப்பேன் என்று கணவர் மீன்வாடியில் நின்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். ஆள் தோற்றார். அன்று மனிதர் வீட்டுக்கு வரும்போது முற்றத்தில் கதிரை போட்டு, தண்ணீர்ச் செம்பும் பிளேடும் தயாராக இருந்தன. ஒருமுறை கத்தோலிக்கக் கோவிலில் புதுச் சுவாமியார், "கடற்தொழிலாளரின் கஷ்டத்தில் நானும் பங்கெடுக்க ஆசைப்படுகிறேன்" என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். பாவம், தென்கடலுக்குள் ஒரு விடியற்காலை இவர்கள் படகில் போய், அங்கியோடு விளிம்பில் குப்புறக் கிடந்து, உண்டதெல்லாம் வெளியே வரத் திரும்பினார். "ஆசைப்படுறன் எண்டு சொன்னவர்" என்று இவர் எங்களுக்கு விளக்கம் தந்தார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அவருக்குச் சொல் என்பது பொருள். ஆணியைப் போல, கயிற்றைப் போல, கையில் எடுத்துப் பாரம் தொங்கவிடக் கூடிய ஒன்று. அதைப் பயன்படுத்திக்கொள்ள ஒருவன் வருவான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாட்டில் டொலர் இல்லாமல் போன காலத்தில் ரெசின் வருவது நின்றது. முதலாளி சம்பளத்தை நிறுத்தினார், பிறகு தானே வராமல் நின்றார். யாட்டை அரசாங்கம் எடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் இவரும் ஒருவர். நானும் கையெழுத்து வைத்தேன். அப்போது மேடைகளில் பெரிய பெரிய பேச்சுகள் நடந்தன. கப்பலும் விமானமும் கட்டுகிற தொழில்கள் தனியார் கையில் இருக்கக் கூடாது, நாட்டின் கையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் கரையில் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. இருந்தது பத்தொன்பது அடிப் படகு. அதையும் எடுத்தார்கள்.

எடுத்த அன்று பந்தல் போட்டு, வாழை கட்டி, ஒரு பெரியவர் தெற்கிலிருந்து வந்து சிங்களத்தில் பேசினார். ஒரு பெடியன் தமிழில் சொன்னான்: "இன்று முதல் இது உங்களுடைய சொத்து. பழைய படகை ஒப்படைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதுப் படகு கிடைக்கும்." பக்கத்தில் இருந்த இவரைப் பார்த்தேன். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கேட்டதை அப்படியே மனதில் இறக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அரசாங்கத்தின் ஒழுங்கைக் கேளுங்கள். புதுப் படகு வருவதற்கு முதல் பழைய படகை யாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் அதைக் கிறைண்டரால் நடுவாக வெட்டுவார்கள். ஒரே படகைக் காட்டி இரண்டு முறை ஏமாற்றக் கூடாதாம். சனம் ஏமாற்றும் என்பதற்கு இத்தனை முன்யோசனை இருந்தது. அரசாங்கம் ஏமாற்றினால் என்ன என்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தொழிலாளிகள் தயங்கினார்கள். பழசோ ஒட்டுப் போட்டதோ, மிதக்கிற படகை யார் வெட்டக் கொடுப்பான்?

இவர் வீடு வீடாகப் போனார். கூலிக்கும் போகவில்லை, பதவிக்கும் போகவில்லை. "அவ்வளவு சனத்துக்கு முன்னால, ஒலிபெருக்கியில சொன்னது. இதை மாத்தேலுமே? குடுங்கோ, நான் சொல்லுறன்" என்றார். பதினொரு குடும்பங்கள் கொடுத்தன. பதினொரு படகுகளும் வெட்டுப்பட்ட நாட்களில் நான் ஸ்ரோருக்குள் காதைப் பொத்தாத குறையாக இருந்தேன். இவருடைய படகு வெட்டுப்படவில்லை. அது புதிது, திட்டத்துக்குள் வராது என்று அதிகாரிகளே திருப்பிவிட்டார்கள். அதை அப்போது யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

புது மனேஜர் ஒருவர் வந்தார். நல்ல மரியாதையான ஆள், தமிழும் கதைப்பார். எல்லாவற்றுக்கும் "நாளைக்கு" என்பார். இவர் அடுத்த நாள் காலையில் அவர் மேசைக்கு முன்னால் நிற்பார். முதல் சில வாரங்கள் அந்த மனிதர் திகைத்துப்போனார். பிறகு இவரைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். கணக்கு எழுதுகிறவன் விலையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு படகு முடிந்தது. அதை ஏதோ கண்காட்சிக்கு என்று கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது படகு தொடங்கவேயில்லை. பிறகு ஒருநாள் கட்டளை வந்தது. சின்ன யாட்டுகளை எல்லாம் ஒன்றாக்குகிறார்களாம். எங்கள் அச்சுகள் மூன்றும் தெற்குக் கரையில் உள்ள பெரிய யாட்டுக்குப் போக வேண்டுமாம். அச்சுக்குள்தான் படகு உருவாகிறது. அச்சு போனால் யாட் வெறும் தகரக் கொட்டகை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

லொறி வந்தது. மூன்று அச்சுகளையும் ஏற்றிக் கட்டி, வாசலுக்கு வந்தபோது, நடுப் பாதையில் இவர் நின்றார். நல்ல வெயில். பின்னால் நாங்கள் முப்பது பேரளவில் நின்றோம். படகு கொடுத்த பதினொரு வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். சாரதி அநுராதபுரத்துப் பெடியன், இறங்கி வந்து கும்பிட்டான். பொலிஸ் இரண்டு பேர் வந்து வேப்பமர நிழலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவர் யாரையும் ஏசவில்லை.

"எங்கட சொத்து எண்டு சொன்னவை. சொன்ன ஆளை வரச்சொல்லுங்கோ. இல்லை, உங்கட சொத்து இல்லை எண்டு அவரே வந்து சொல்லட்டும். நான் விலகிறன்."

மத்தியானம் வரை லொறி அசையவில்லை. நாங்கள் வெல்லப் போகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். சுவாமியாருக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது, வங்காலையிலிருந்து இன்னும் சனம் வந்துகொண்டிருந்தது.

அப்போது மனேஜர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார். இவருக்கு முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"அக்கா, எல்லாரும் கேளுங்க. நான் சொல்றேன். அங்க முதல்ல கட்டுறது உங்க பதினொரு படகுதான். கடல் வழியா நானே கொண்டு வந்து இந்தக் கரையில விடுவேன். அது முடிஞ்சதும் அச்சு திரும்பி வரும்."

இவருடைய உதடுகள் அசையத் தொடங்கின.

"தங்கச்சி, விலகாதையுங்கோ" என்று கத்தினேன். "லொறி போனால் போனதுதான்!"

"சொல்லுறார் எல்லோ அண்ணை, இவ்வளவு சனத்துக்கு முன்னால."

"போனமுறையும் சனத்துக்கு முன்னாலதானே சொன்னவங்கள்!"

"அவர் வேற ஆள். இவர் எங்கட கண்ணுக்கு முன்னால நிக்கிறார். நாளைக்கும் இவரை நான் கேப்பன்."

அவர் விலகினார். அவர் விலகினால் மற்றவர்கள் நிற்பார்களா? லொறி போனது. பொலிஸ்காரர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். அந்த மனேஜருக்கு அவரை நகர்த்தத் தடியும் தேவைப்படவில்லை, சட்டமும் தேவைப்படவில்லை. ஒரு வசனம் போதும் என்று கண்டுபிடித்திருந்தார். வாழ்க்கையில் நான் பல அயோக்கியத்தனங்களைப் பார்த்திருக்கிறேன். யுத்தத்தில் பார்த்தவை வேறு. ஆனால் ஒரு மனிதருடைய நேர்மையின் பூட்டைப் பார்த்து, அதற்குத் திறப்புச் செய்து திறந்தது இதுதான்.

அடுத்த நாள் இவர் மனேஜரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார். மாதம் முடிவதற்குள் மனேஜருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் கதிரை மட்டும் இருந்தது. அந்தக் கதிரைக்கு முன்னாலும் ஒரு காலை முழுக்க நின்றார் என்றால் நம்புவீர்களா? நான் போய்க் கூட்டிவந்தேன்.

படகு வரவில்லை. கச்சான் காற்றுக் காலம் போய்க் கடல் அமைந்தது. தொழில் செய்யக்கூடிய நாட்கள் வந்தன. பதினொரு வீட்டிலும் வலை மூலையில் கிடந்தது. ஒருநாள் அந்தப் பதினொரு பேரும் இவர் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். கணவர் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்ததால் நானும் போயிருந்தேன். அவர்களுக்குள் இளையவன், கைக்குழந்தைக்காரன், முன்னுக்கு வந்தான்.

"அக்கா, நாங்கள் அரசாங்கத்தை நம்பிக் குடுக்கேல்லை. நீங்கள் சொன்னனீங்கள் எல்லோ?"

வேண்டுமென்றே அந்தச் சொல்லை எடுத்தானா என்று எனக்குத் தெரியாது. நான் எழும்பி அவனைக் கன்னத்தில் அறைந்திருப்பேன். ஆனால் அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இவர் உள்ளே போனார். தங்கள் படகு எஞ்சினின் எண்ணெய் ராங்கியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு நீ போ. நாளையிண்டைக்கு மற்ற ஆள். ஆள் மாறி ஆள் போங்கோ. எங்கட முறை கடைசி."

கணவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மீசை எண்டால் வளரும். படகு வளருமே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் மறுக்கவும் இல்லை. அந்த மனிதரையும் நான் மறக்க மாட்டேன்.

ஒரு படகு, பன்னிரண்டு வீடு. ஞாயிறு பூசை, கடல் இல்லை. ஆகவே அவர்களுக்குச் சொந்தப் படகில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கடல். மற்ற நாட்களில் கணவர் அடுத்தவன் படகில் கூலிக்குப் போனார். எல்லோருக்கும் சொந்தமான படகை யாரும் கழுவுவதில்லை. பாறையில் இழுத்தான் ஒருவன். பின்பலகையை வெடிக்கவிட்டான் இன்னொருவன். "நான் எடுக்கேக்கையே வெடிச்சுத்தான் கிடந்தது" என்று பதினொரு வாயும் சொல்லின. பின்னேரங்களில் இவர் கரையில் குந்தியிருந்து ஒட்டுப் போட்டார், கையுறை இல்லாத கையால். அரசாங்கத்தைப் பற்றி ஆத்திரப்பட்டால் நியாயம் என்கிறார்கள், தன் சனத்தைப் பற்றி ஆத்திரப்பட்டால் கிழவனுக்குப் பைத்தியம் என்கிறார்கள். நான் இரண்டு பேரிலும் ஆத்திரப்படுகிறேன். இவரில் ஒரு குற்றமும் இல்லையா என்றால், இருக்கிறது. என் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது மறுபடி பந்தல் வந்தது. அதே யாட் வாசல். அதற்குள் யாட் கதவில் நான்கு பூட்டுகள் தொங்கின, எந்த அரசுத் திணைக்களத்துக்குச் சொந்தம் என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு. இந்தமுறை வந்தவர் தமிழ்க்காரர். வெள்ளைச் சட்டை, நல்ல குரல். "உங்கள் யாட்டை மீண்டும் இயக்குவோம். உங்கள் பழைய படகுகளை ஒப்படையுங்கள்" என்றார். சனம் தங்களுக்குள் பார்த்துக்கொண்டது. பிறகு எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

இவர் எழும்பினார்.

"ஐயா, போனமுறை முதல்ல நாங்கள் வெட்டத் தந்தனாங்கள். பதினொரு படகு. இந்தமுறை நீங்கள் முதல்ல தாங்கோ. அந்தா நிக்குது உங்கட வாகனம். அதை வெட்டுவம். படகு வந்தாப் பிறகு இந்தச் சனம் சேந்து உங்களுக்குப் புது வாகனம் வாங்கித் தரும்."

சிரிப்பு வெடித்தது. பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். வெள்ளைச் சட்டைக்காரருடைய சாரதி மெதுவாக நடந்துபோய் வாகனத்தின் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். மேடையில் இருந்தவரும் சிரித்தார். பழகிய சிரிப்பு. ஒலிபெருக்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"அம்மா, உங்கட கோவம் எனக்கு விளங்குது. ஆனா நான் மற்றவை மாதிரி இல்லை. இப்ப, இந்த மேடையில, இந்தச் சனத்துக்கு முன்னால உங்களுக்கு ஒண்டு சொல்லுறன்..."

தன் உதடுகள் அசைவதற்குள் இவர் இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

சின்னப் பிள்ளைகள் இடிக்குப் பொத்துவது போல, முழங்கைகள் இரண்டு பக்கமும் நிற்க, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். மேடைக்காரர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு தொடர்ந்தார். எவ்வளவோ சொன்னார். சிரிப்பு அடங்கிவிட்டது. பேச்சு முடிந்து, ஒலிபெருக்கியை நிறுத்தி, மாலையைக் கழற்றி, வாகனம் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது. கூட்டம் கலைந்தது. ஒருவரும் படகு கொடுப்பதாகப் பெயர் சொல்லவில்லை. கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

இவர் அப்படியே நின்றார். நான் கிட்டப் போனேன்.

"தங்கச்சி, முடிஞ்சுது. அவங்கள் போயிட்டாங்கள். வாங்கோ, வீட்டை போவம்."

அவருக்குக் கேட்கவில்லை. விரல்கள் வெளுத்துப்போகும்படி அழுத்தியிருந்தார். இன்னும் உரக்கச் சொன்னேன். கேட்கவில்லை.